மாவு தூங்கிய தூளி

மருமகள் இன்று ஜவ்வரிசி வேகவைத்தாள். அந்த வாசனை என்னைப் போர்க்காலத்துச் சேலத்துக்கு இழுத்துப் போனது.

கப்பல் நின்று, மலேயா ஜவ்வரிசி வராமல் போயிருந்தது. கல்லூரியில் ரசாயனம் கற்பித்த அப்பா, வேலையை விட்டுவிட்டு, மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கில் அதைச் செய்து விற்கத் துணிந்தார். கிழங்குப் பாலின் புளித்த நெடி வீடெங்கும் நிறைந்தது. ஈரமாவை மணியாக உருட்ட, தங்கையின் சீலைத் தூளியில் போட்டு ஆட்டினார். எந்தச் சூட்டில் வறுத்தால் மணி கரையாது என்று தினமும் சோதித்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, வெறுந்தூளிய ஆட்டுனா புள்ளைக்கு ஆகாதுங்க” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“வெறுந்தூளி இல்லீங்க, உள்ள மாவு தூங்குது” என்றார் அப்பா.

தெருவே சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சரக்குப் பார்க்க வந்த வியாபாரி, “நீ இவரு மகனா சாமி?” என்று கேட்டபோது, உடம்பெல்லாம் மாவோடு நின்ற அப்பாவின் எதிரிலேயே, “இல்லீங்க, பக்கத்து ஊடு” என்றேன்.

வியாபாரி கொதிக்கும் தண்ணீரில் ஒரு பிடி போட்டார். கூழானால் அப்பாவின் உழைப்பெல்லாம் வீண். மணிகள் கரையவில்லை, கண்ணாடியாகத் தெளிந்து வந்தன. “எத்தன மூட்டை தருவீங்க?” என்றார் வியாபாரி.

இன்று எங்கள் பக்கமெல்லாம் ஜவ்வரிசி ஆலைகள். முதலில் செய்து பார்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்றுதான். அன்று அப்பா முதல் கரண்டியை ஊதி ஆற்றி, என் வாயருகே நீட்டினார்.

“பக்கத்து ஊட்டுத் தம்பி, மொதல்ல நீ தின்னு பாரு சாமி.”