சித்தப்பாவுக்குக் கொடுத்த முழு அனுமதி

தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்க்க, காலையிலேயே சித்தப்பா லேப்டாப்போடு எங்கள் செனாவாங் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பத்திரிகை மாடியில் என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஃபோல்டரை ஷேர் செய்தேன். அவர் திறந்தால் 'அனுமதி இல்லை' என்றது.

"என்னம்மா, சொந்த அண்ணன் மக வீட்டுலயே என்னை உள்ள விட மாட்டேங்குது?"

லோபாக் அச்சுக்கடையில் நின்றுகொண்டு கணவர் போன் மேல் போன்.

"நம்ம முறை வந்துருச்சு லா. ஃபைல் அனுப்புறியா, அடுத்த ஆளுக்கு விட்டுடவா?"

மாடிக்கும் ஹாலுக்கும் ஓடினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கடைசியில்தான் புரிந்தது: ஷேரிங் பக்கத்தில் அனுமதி கொடுத்த நான், செக்யூரிட்டி பக்கத்தில் கொடுக்கவில்லை. வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, வீட்டுக் கதவின் இரும்பு கிரில்லைப் பூட்டி வைத்த கதை.

இருந்த எரிச்சலில் இரண்டு பக்கத்திலும் 'எல்லாருக்கும் முழு அனுமதி' என்று டிக் போட்டேன். படிக்க மட்டும் விட்டிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கும்மா. ஒரு சின்னத் திருத்தம், நானே செஞ்சிட்டேன்" என்றார் சித்தப்பா.

ஏதோ கமா, புள்ளி என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

சற்று முன் கணவர் பத்திரிகைக் கட்டோடு வந்தார். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் அச்சாகியிருக்கிறது.

சாயங்காலம் பெரியப்பா வருகிறார். ஃபோல்டரைப் பூட்டியாகிவிட்டது. இனிப் பூட்ட வேண்டியது கேட்டையா, கிரில்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.