கருவுக்கு முந்திய மாத்திரை

என் மகளின் முதல் குழந்தை முதுகில் திறந்த புண்ணோடு பிறந்தது. முதுகுத்தண்டு மூடவில்லை என்றார்கள். சில நாட்கள்தான் இருந்தது.

எங்கள் பக்கம் மூன்று மாதம் தாண்டாமல் உண்டாகியிருப்பதை வெளியே சொல்வதில்லை. கண் பட்டுவிடும். அவளும் அப்படியே இருந்துவிட்டு, நாலாம் மாதம்தான் நர்சிடம் போனாள். குழந்தை போன பிறகு திண்டுக்கல்லில் டாக்டரம்மா விளக்கினார்: முதுகுத்தண்டு முதல் மாதத்திலேயே மூடிவிட வேண்டும். அதனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை உண்டாவதற்கு முன்பே தொடங்கணும். ஒரு தடவை இப்படி ஆனவர்களுக்குக் கூடுதல் அளவு. அப்போதும் முழு உறுதி சொல்ல முடியாது, ஆனால் ஆபத்து நிறையக் குறையும் என்று எழுதிக் கொடுத்தார்.

வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்னவில்லை. மாமியார் வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். எப்போதும் தோட்டத்து ஆட்கள் வந்துபோகிற வீடு. வயிற்றில் ஒன்றும் இல்லாதவள் தினமும் மாத்திரை விழுங்கினால் சீக்குக்காரி என்பார்கள். சேலை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாள்.

"நீ வந்து அத்தைகிட்டச் சொல்லும்மா."

எனக்கு யாரிடமும் பேச வராது. நான் வேலை பார்க்கும் நூல் மில்லின் இரைச்சலில் பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு வசதி. நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் பஸ் ஏறினேன்.

சம்பந்தியம்மா ஆட்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். ஒரு கூடை தீரும்வரை வாய் திறக்கவில்லை. ஆட்கள் டீக்கு எழுந்து போனதும், டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் அரிவதை நிறுத்தவில்லை. "ஏனுங்க சம்பந்தி, மூணு மாசங்கழிச்சுத் தின்னா ஆகாதுங்களா?"

"முதல் மாசத்துலயே முதுகு கூடணுமாம். அப்புறம் தின்னு பிரயோசனமில்லையாம்."

அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கியவர் அவர்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முடி கொட்டுதுன்னு சொல்லிக்கலாங்க. முடிக்குத் தின்னா எவளும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. தெனமும் நானே எடுத்துக் குடுக்கறேன்."

என் மகள் இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையோடு டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சில மாதம் ஓடியது. நேற்று சம்பந்தியம்மா போன் செய்தார். முடி மாத்திரை தீரப்போகிறது, வரும்போது வாங்கி வர வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்கேனுக்கு நீங்களும் வந்துருங்க. எனக்குத் தனியாப் பாக்கத் தைரியமில்லீங்க" என்றார்.

எனக்கும் இல்லை. போகத்தான் வேண்டும். அதற்கு சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்பார். மகளுக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.