இறுக்கிக் கட்டிய சில்லு

ஈரக் கயிறும் மண்ணெண்ணெய்யும் சேர்ந்து மணத்த குருநகர்க் கரையில் அன்று காலை நின்றவர்கள் அப்பா, அம்மா, பீற்றர் மாமா, நான். கதவுப் பலகையில் கிடந்தவர் என் தமையன் சேவியர் அண்ணை. இல்லாதவர் எங்கள் விஞ்ஞான மாஸ்ரர். சைக்கிள் சில்லொன்றை அச்சில் பிடித்து விசையாகச் சுழற்றி, 'இனிச் சரிச்சுப் பார், சரியாது. கப்பலின் ஆட்டத்தை அடக்குவதும், விண்கலத்தைத் திசை மாறாமல் வைத்திருப்பதும் இந்தச் சுழற்சிதான்' என்று பாதிப் பாடம் நடத்தியவர், மீதியை நடத்தாமலே கொழும்புக்குப் போய்விட்டார்.

சண்டையில் பீரங்கிக் குண்டுகள் விழுந்த செல்லடியில் சுவர் சரிந்து அண்ணையின் முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. முதுகு அசையாமல் கொழும்புக்குக் கொண்டுபோனால் கால்கள் தப்பும் என்றார் டொக்டர். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது, கடலேரியைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கேயோ 'சோளகம்' என்ற பலத்த காற்று அடிக்கிற காலம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், சில்லின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன்.

"புத்தகத்திலை கிடக்கோ?"

"ஓம் அப்பா."

"அப்ப செய்வம்."

"உவன் சைக்கிள் சில்லாலை கடலை அடக்கப் போறானாம்," என்றார் பீற்றர் மாமா. "யேசுநாதருக்கு அடுத்தது உவன்தான்!" அண்ணைகூடச் சிரித்தார், சிரித்ததும் முதுகு நொந்து முகம் சுருங்கியது.

வலையின் ஈயக்குண்டுகளை விளிம்பில் சுற்றிச் சில்லைப் பாரமாக்கினோம். முற்றத்தில் சுழலவிட்டுச் சரித்துப் பார்த்த அப்பா, "எட, எதிர்க்குதடா!" என்று குழந்தைபோலக் கத்தினார். பிறகு அதை வள்ளத்தில் ஏற்றி, அச்சின் இரு முனைகளையும் அசையவிடாமல் இறுக்கிக் கட்டினார். "வள்ளத்திலை இளகின சாமான் இருக்கப்படாது" என்பது அவருடைய வேதம்.

நடுக்கடலேரியில் காற்று எழும்பியது. நான் சில்லை அடித்து அடித்துச் சுழற்ற, அது இரைந்துகொண்டு சுழன்றது. வள்ளமோ தன்பாட்டில் உருண்டது. ஒவ்வொரு அலைக்கும் அண்ணையின் முதுகு பலகையை விட்டெழும்பி விழ, அம்மா அவர்மேல் கவிழ்ந்து படுத்து அமத்தினார்.

"இன்னும் விசையாச் சுத்தடா!"

"சுத்திறன் அப்பா, சுத்திறன்!"

பகிடி விட்ட மாமாவும் தவழ்ந்து வந்து சில்லைச் சுற்றினார். அப்போதுதான் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "தம்பி, விடு. கால் எங்கை கிடக்கெண்டு தெரியேல்லை."

மாஸ்ரர் நடத்தாமல் விட்ட மீதிப் பாதியை, வருடங்கள் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் படித்தேன். சில்லைத் தாங்கும் சட்டம் தானாகச் சரிய இளக்கம் விடவேண்டும். அப்படிச் சரியும்போதுதான் அது ஆட்டத்தை எதிர்க்கும். இறுக்கிக் கட்டினால் வெறுஞ்சுமை. இளக்கியிருந்தாலும் அந்தப் பெரிய வள்ளத்துக்கு எங்கள் சில்லு காணாது. கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன்.

"புத்தகம் பிழையோடா?" என்று அப்பா இப்போதும் கேட்பார்.

"இல்லை அப்பா, சில்லுதான் சின்னன்," என்பேன். அவருடைய முடிச்சைப் பற்றிச் சொல்வதில்லை.

இன்று அந்தக் கரையில் எங்களுடையது என்று ஒன்றும் இல்லை. கொழும்பு வைத்தியத்துக்கு வள்ளம் போனது, வலை போனது, அம்மாவின் தாலிக்கொடி போனது. அண்ணைக்கு இரண்டு காலும் போனது.