கோதாரி என்ற ஒரு சொல்

என் வேலையில் நானே போட்டுக்கொண்ட விதிகள் இரண்டு. முகம் காட்டுவதில்லை. தமிழ் பேசுவதில்லை.

முகத்தை மறைப்பது சுலபம். கமராவைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திவிட்டால் போதும். குரலை மறைப்பதுதான் கடினம். ஆகவே வீடியோக்களின் சத்தத்தை நீக்கி, மெல்லிய இசை ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புவேன். சந்தா கட்டிப் பார்க்கிற ஆண்களுடன் பேச்செல்லாம் எழுத்தில், ஆங்கிலத்தில். உடம்பைப் படம்பிடிக்க ஒரு மணித்தியாலம் போனால், அவர்களுக்குப் பதில் எழுத ஐந்து மணித்தியாலம் போகும். அம்மாவிடம் "எழுதுற வேலை" என்று சொல்லி வைத்திருப்பது முழுப் பொய் அல்ல.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சியில் மற்றவர்களின் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். அம்மா இன்றைக்கும் கைநாட்டுத்தான். நான் மெல்பேர்னுக்கு வந்து முதுமாணிப் பட்டம் முடித்தேன். பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். இடுப்பு விட்டுப்போனது. அதன் பிறகுதான் இது. என்னை யாரும் இதற்குள் தள்ளவில்லை. நான் எழுதுவதில் ஒரு பிழை இருக்காது. அதற்காகவே விலகாமல் இருப்பதாகச் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

மெல்பேர்னின் புறநகரான ஸ்பிரிங்வேலில் ஒரு தமிழ் அன்ரியின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். அன்ரி காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவா. வீடு வெறுமையாகக் கிடக்கும் அந்த நேரம் என் வேலை நேரம். போகும்போது கதவில் தட்டி, "பிள்ளை, போட்டு வாறன்" என்பா. சில நாட்களில் என் காதில் விழும் தமிழ் அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, படம்பிடித்துக்கொண்டிருந்தபோது வட்ட விளக்கு அதன் தாங்கியோடு சரிந்து என் கால் பெருவிரலில் விழுந்தது. அவசரத்தில் சத்தத்தை நீக்க மறந்து அந்தத் துண்டை அப்படியே அனுப்பிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் ஒரு செய்தி வந்தது. எட்டு மாதமாகச் சந்தாவில் இருக்கிற ஒருவன். பெயருக்குப் பதிலாக இலக்கங்கள் மட்டும். "நைஸ் மேடம்", "தாங்க்யூ மேடம்" என்பதைத் தவிர அதுவரை எதுவும் எழுதாதவன். இப்போது ஆங்கில எழுத்துகளில் தமிழ் எழுதியிருந்தான்.

"கோதாரி பிடிச்ச லைற் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

'ஐயோ' என்று கத்தியிருந்தால் நான் இந்தியாக்காரி, மலையாளி, சிங்களப் பெண் என்று யாராகவும் இருந்திருக்கலாம். கோதாரி எங்களுடையது. ஏதோ பழைய கொள்ளைநோயின் பெயர் என்பார்கள். எங்கள் வீடுகளில் அறுந்த செருப்புக்கும், பொங்கி வழிந்த பாலுக்கும், பெற்ற பிள்ளைக்கும் அதே சொல்தான்.

மெல்பேர்னில் எங்கள் சனத்தில் யாருக்கும் யாரையாவது தெரிந்திருக்கும். இன்றைக்குக் குரலைப் பிடித்தவன் நாளைக்கு ஊரைக் கேட்பான். பிறகு கதை அம்மாவின் வாசலில் போய் நிற்கும். படித்த பிள்ளையின் தாய் என்பதைத் தவிர அம்மாவிடம் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை.

விளங்காதவள் போல ஆங்கிலத்தில் எழுதினேன்: அது என் பூனையின் பெயர்.

"பூனைக்கு ஆர் கோதாரி எண்டு பேர் வைக்கிறது?"

சிரித்துவிட்டேன். அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலம் என்று தெரியவில்லை.

"பயப்பிடாதேங்கோ. ஆருக்கும் சொல்லமாட்டன். சொல்லுறதுக்கு எனக்கு இஞ்ச ஆக்களும் இல்லை."

படகில் வந்தவன். பல வருடங்களாகத் தற்காலிக விசா. கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. தாய் செத்தபோதும் ஊருக்குப் போக முடியவில்லை. இவ்வளவையும் நான் கேட்காமலே எழுதிவிட்டு, கடைசியில் கேட்டான்.

"ஸ்பெஷலாக் கேட்டால் செய்து குடுப்பியள் எண்டு போட்டிருக்கு. எனக்கு ஒரு ஓடர். உடுப்புப் போட்டுக்கொண்டே செய்யலாம். என்னை ஏசுங்கோ, தமிழில. பிந்தி வந்து சோறு கேக்கிறவனை ஏசுற மாதிரி. குரலில, அஞ்சு நிமிசம்."

எத்தனையோ விசித்திரமான ஓடர்கள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கும் நான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டு இருந்ததில்லை.

அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, நான் இன்னும் சாப்பிடேல்லை."

"வேலை கூடவாக்கும். ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

"குளிர்ச்சட்டை போடாமல் திரிஞ்சு தடிமனாக்கிப் போச்சு."

"உங்களுக்குத் தெரியாததே? நீங்கள் படிச்ச பிள்ளை."

நான் பட்டம் வாங்கிய படத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மா என்னை 'நீ' என்று சொல்வதில்லை.

"என்னைக் கோதாரி எண்டு ஒருக்கா ஏசணை அம்மா," என்றேன்.

"விசர்க் கதை! படிச்ச பிள்ளையை ஆரும் ஏசுவினமே? இந்தா, பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்கிறா. அவவுக்கு இங்கிலீசில ரெண்டு சொல்லுக் கதைச்சுக் காட்டுங்கோ."

கதைத்துக் காட்டினேன்.

குரல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். குரல் கைமாறும். ஆனால் எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசியில் தமிழ் எழுத்துகளைத் தேடி எடுத்து, நிறுத்தாமல் எழுதினேன்.

"எங்கயடா இவ்வளவு நேரமும் திரிஞ்சனீ, கோதாரியிலை போவானே? சோறு விறைச்சுப் போச்சு. குழம்பை மூண்டு தரம் சூடாக்கிப் போட்டன். துரைக்குப் பார்த்துக்கொண்டு நிக்க நானென்ன வேலைக்காரியே? காலைக் கழுவிப்போட்டு வந்து இரு. கருவாட்டுப் பொரியல் ஒளிச்சு வைச்சிருக்கிறன். மற்றதுகள் காணமுந்தித் தின்."

விலை போடாமல் அனுப்பினேன். பதில் வந்தது.

"சும்மா கத்தாதையணை. வந்திட்டன்தானே."

அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று வந்தது. "இப்ப உண்மையாப் பசிக்குது. ஸ்பிரிங்வேலில ஒரு மரக்கறிக் கடை, முருங்கைக்காய் நல்லா இருக்கும். ஞாயிறில அங்கதான் வாங்கிறனான். வந்து சமைக்கவேணும்."

அந்தக் கடையில்தான் நானும் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில்.

அவனைத் தடைசெய்தேன். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. இன்னும் இரண்டு செய்தி வந்திருந்தால் நான் குரலில் பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்று ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை. நாலாவது ஞாயிறு போனேன். அன்ரி முருங்கைக்காய் கேட்டவ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. காசு கட்டும் வரிசையில் நின்றபோது பின்னால் யாருடையதோ பை கிழிந்து தேசிக்காய்கள் உருண்டன.

"சீ, கோதாரி."

யாராகவும் இருக்கலாம். அந்த வரிசையில் பாதிப் பேருக்குத் தெரிந்த சொல். ஒரு தேசிக்காய் என் சப்பாத்தில் வந்து முட்டியது. குனிந்து எடுத்துத் திரும்பினேன். நரை தொடங்கிய ஒரு ஆள் கையை நீட்டினார். 'பார்த்துப் பிடிக்கக் கூடாதே?' என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"தாங்க்யூ, மேடம்," என்றார்.

"நோ வொறீஸ்," என்றேன்.

திரும்பி, முருங்கைக்காயைத் தராசில் வைத்தேன்.