குடுக்கிறதும் குடிக்கிறதும்

என் கணவர் பிரான்சில் இருந்துகொண்டு வீடியோ காலில் கார் வாங்கியவர். ஷோரூமில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அங்கிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், பின் சீட் எவ்வளவு தூரம் சாயும், மேடு பள்ளத்தில் அடி தட்டுமா. என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். மாமனாரும் நானும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இந்த ஆனை? அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாங்கள் இருக்கிற உப்பளம் பகுதியில், எங்கள் தெருவில் எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். அந்தத் தெருவில் எஸ்யூவியைத் திருப்பி நிறுத்தப் பழகுவதற்குள் நான் முணுமுணுத்த வசவுகளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சர்ச்சுக்குப் போனால் சாமியார் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்று அந்த வண்டியை யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். அவருக்கு அங்கே லாரி ஓட்டுகிற வேலை. லாரி என்று அவர் வாயில் வராது, இன்றைக்கும் கமியோன்தான். டீசல் வாசனை அடிக்காத சட்டை அவரிடம் இருந்ததே இல்லை என்று மாமியார் இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அதற்குப் பிறகு அந்தக் குளிர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குடலில் கட்டி, புற்றுநோய் என்று தெரிந்தபோதும், அங்கே வந்துவிடுங்கள் என்று மகன் கெஞ்சியதற்கு, "எதுவானாலும் இங்கயே பாத்துக்கலாம், போனை வை" என்று முடித்துவிட்டார்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சென்னையில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அங்கேயே போய் கீமோ ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். ஓட்டுவது நான். அவருக்குக் கண் தெளிவு போதாது. வாய் மட்டும் தெளிவாக இருந்தது. "கிளட்ச் மேல கால் வெச்சிட்டு ஓட்டாத. அது என்ன முக்காலியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.

வண்டியின் அருமை அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. வயிற்றில் தையல் போட்ட மனிதர் அதில் ஏறக் குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். முதுகைக் காட்டி நின்றால் சீட் சரியாக இடுப்புக்கு நேராக இருந்தது. உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். சீட்டைச் சாய்த்துவிட்டால் ஈசிஆர் ரோட்டின் வேகத்தடைகள் அவரைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டின. ஷோரூமில் என் கணவர் கேட்ட கேள்விகளில் பாதி தன் அப்பாவுக்காகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேரடியாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மருந்து ஏற ஏற மாமனாருக்கு ஒவ்வொரு வாசனையாகப் பகையாகியது. முதலில் மீன் குழம்பு, பிறகு காபி, பிறகு தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். கடைசியில் டீசல். வாழ்நாள் முழுக்க அதிலேயே ஊறிய மனிதருக்கு டீசல் ஆகவில்லை.

அது தெரிந்த விதம் மோசமானது. ஒரு தடவை சென்னையிலிருந்து திரும்புகிற வழியில் பங்க்கில் நிறுத்தி டீசல் போட்டேன். கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. இருந்தும் எப்படியோ வாடை உள்ளே வந்துவிட்டது. அங்கிருந்து வீடு வரும்வரை வாந்தி. வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்து இறங்கியவர், "போதும்மா. இனிமே நான் வரல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பேசிச் சமாளித்திருப்பேன். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

பாதியில் விட்டால் இதுவரை செய்ததும் வீணாகிவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார். மகன் தினமும் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினார். கடைசியில், "சரி, உங்களுக்காக ஒரு தடவை. அதோட முடிஞ்சிது" என்று மாமனார் ஒப்புக்கொண்டார். இன்னும் பாதி சிகிச்சை மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த ஒரே கணக்கு, டேங்க் கணக்குதான். ஐம்பது லிட்டர் டேங்க். லிட்டருக்குப் பதினாலு. ஒரு டேங்குக்கு ரெண்டு சென்னை, போக வர, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். அவர் வண்டியில் இருக்கும்போது பங்க் பக்கமே திரும்ப வேண்டாம். தமிழ்நாட்டைவிட நம்மூரில் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டி டீசல் போடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே மானப் பிரச்சனை. எனக்கு இப்போது அதைவிடப் பெரிய காரணம் இருந்தது.

ஒப்புக்கொண்ட அந்த ஒரு தடவைக்குப் போனோம். டாக்டரைத் தனியாகப் பார்க்க முந்தின வாரம் நான் ஒரு நடை போய் வந்திருந்ததால், அந்த டேங்குக்கு இது இரண்டாவது சென்னை. மருந்து ஏறி முடிந்ததும் அவரைக் காரில் ஏசி போட்டு உட்கார வைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பக்கத்துப் பட்டன்களை நோண்டிக்கொண்டிருந்தார். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்னால் ஏற்றிப் படுக்க வைத்தேன். கிளம்புமுன் தானாகவே கேட்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். மருந்து ஏறிய நாளில் அவர் வாய்க்குள் எதுவும் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகாபலிபுரம் தாண்டியபிறகுதான் டிஸ்ப்ளேயைக் கவனித்தேன். மைலேஜ் காட்டும் இடத்தில் ஏழு புள்ளி ஒன்று என்று இருந்தது.

பதினாலு கொடுக்கிற வண்டி ஏழுக்கு இறங்கியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை என்ஜினில் ஏதோ கோளாறு. டேங்க் முள் கால் பங்குக்குச் சற்று மேலே நின்றது. பதினாலு என்றால் தாராளமாக வீடு போய்ச் சேரலாம். ஏழு என்றால் வீடுவரை தாங்குமா என்பதே சந்தேகம். பங்க்கில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வாடை, வாந்தி, அந்த இரண்டு இட்லி. அதற்குப் பிறகு இந்த மனிதரை எந்தத் தெய்வம் வந்து அழைத்தாலும் சென்னைக்குக் கூட்டிப்போக முடியாது. அவரை வெயிலில் சாலையோரம் இறக்கிவிட்டுப் போய் டீசல் போட்டு வரவும் முடியாது.

ஏசியை அணைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். ஜன்னலை இறக்கலாம் என்றால் முன்னால் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டு போனது, உடனே ஏற்றிவிட்டேன். பங்க் ஒவ்வொன்றாக வந்தது, போனது. நிறுத்தலாமா, நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கடந்தேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாதாவே, எப்படியாவது வீடுவரை இழுத்துக்கொண்டு போ என்பதற்கு மேல் ஜெபம் எதுவும் வரவில்லை.

"ஏம்மா, ஏசி போடல? வேகுது."

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வையோடு விழித்திருந்தார்.

"டீசல் பத்தாது போலக்குது மாமா. வண்டி திடீர்னு மைலேஜ் குடுக்க மாட்டேங்குது."

"எவ்ளோ காட்டுது?"

"ஏழு. ஏழு புள்ளி ஒண்ணு."

பின்னாலிருந்து ஒரு மாதிரி இருமல் கேட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. வாந்திதான் என்று வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தால் மனிதர் வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத நான்தான் மாத்தினேன். நம்ம ஊர்ல வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுன்னு கேப்பீங்க. அங்கல்லாம் நூறு கிலோமீட்டருக்கு எவ்ளோ குடிக்குதுன்னுதான் கேப்பாங்க. இது குடுக்கிற கணக்கு இல்ல, குடிக்கிற கணக்கு. நூறுக்கு ஏழு லித்ரு. போட்டுப் பாரு, உன் பதினாலுதான் வரும்."

போட்டுப் பார்த்தேன். பதினாலுதான் வந்தது.

"இதப் போய் ஏன் மாமா மாத்தினீங்க?"

"எனக்குப் புரியிற மாதிரி வெச்சேன். நீ இட்லியக் குடுத்தியே தவிர, எதையாவது எங்கிட்ட கேட்டியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை.

முன்னால் வந்து உட்காருகிறேன் என்றார். உட்கார வைத்து ஏசியைப் போட்டேன். அதற்குப் பிறகு வழி முழுக்க அவர் கண் அந்த எண்ணிலேயே இருந்தது. "கால எடு. எடுன்றேன். இப்ப மெதுவா அழுத்து." மரக்காணம் உப்பளங்கள் வந்தபோது ஏழாகியிருந்தது. "பாத்தியா, குடிக்கிறதக் குறைச்சிடுச்சி" என்றார். காலாப்பட்டு வந்தபோது ஆறு புள்ளி ஒன்பது. மலைப் பாதையில் கமியோன் ஓட்டிய கதை ஒன்று ஆரம்பித்து, எண் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தி என்னைத் திட்டிவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இட்லி வயிற்றிலேயே இருந்தது. கடைசித் தடவை, முடிந்தது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் மூச்சுவிடவில்லை. பயந்துகொண்டே ஓட்டினேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்து கை கொடுத்தேன். இறங்கி நின்றவர் முன் டயரைக் குனியாமல் காலால் தட்டிப் பார்த்தார்.

"காத்து கம்மியாக்குது. அதான் குடிக்குது. அடுத்த தடவ காத்து பாத்துட்டுக் கிளம்புவோம். நூறுக்கு ஆறரை லித்ருக்குக் கொண்டாந்துடலாம்."

"சரி மாமா" என்றேன். அதற்கு மேல் எதையாவது சொன்னால் அவர் சொன்னது அவருக்கே கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. அவரைப் படுக்க வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரான்சுக்கு போன் போட்டேன்.

"எப்படி இருக்காரு?" என்றார் அவர்.

"அடுத்த தடவன்னு சொன்னாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழட்டும் என்று நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.