பேண்டேஜ் துணிக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேண்டேஜ் துணியைப் பிரித்ததும் எழுந்த பிளீச்சிங் வாசனையில், ராஜபாளையத்தில் நான் படித்த முனிசிபல் பள்ளிக்கூடம் திரும்பி வந்துவிட்டது. ஒரே நீளக் கொட்டகை. பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்த் தறிக்காரர்கள் கொடுத்த கழிவுத் துணியைத் தொங்கவிட்டு அதை வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். காற்றில் துணி உப்பும்போதெல்லாம் பக்கத்து வகுப்பின் ஏழாம் வாய்ப்பாடு எங்கள் தமிழ்ப் பாட்டுக்குள் புகுந்துவிடும், நாங்களும் இரண்டையும் சேர்த்தே படித்துக்கொண்டோம்.

அம்மா எதிரிலிருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சர். ஏப்ரலில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. சொந்த டீச்சரின் பிள்ளையே எதிர்ப் பள்ளியில் படித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று, ஃபீஸ் இல்லாமல் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார் அம்மா வேலைபார்த்த பள்ளியின் முதலாளி.

“அங்க உள்ள டீச்சருங்க மே மாசமும் சம்பளம் வாங்கிச் சாப்பிடுதாக சார். எம்புள்ள அவியகிட்டயே படிக்கட்டும்,” என்றாள் அம்மா.

அந்த ஜூனில் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அந்தத் தனியார் பள்ளியின் பஸ்கள் நிற்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறேன். வாட்ச்மேன் முறைத்தால், இன்னும் உரக்க.