பலாபத்வலையில் இருபத்தொன்று

காலை எட்டரைக்குக் கண்டியில் தம்புள்ளை பஸ் ஏறினேன். பலாபத்வலைக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர்; டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். அக்குறணையில் நெரிசல். மாத்தளை நகரில் கால் மணி நேரம் நின்றது. அலுவிகாரையில் வெள்ளை உடுத்த பெண்கள் குடைகளை விரித்துக்கொண்டு விகாரைக்கு இறங்கினார்கள். மழை விடவில்லை.

நான் போனது பிளாக்ஜாக் என்ற சீட்டுச் சூதாட்டம் பழக.

என் அண்ணன் கொழும்பில் பொறியியலாளராக இருந்தான். மூன்று வருடம் கசினோவில் அந்த ஒரு விளையாட்டைத்தான் விளையாடினான். வவுனியாவில் அம்மா இருந்த வீடு போனது. அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டார். போன வருடம் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ‘எழும்பி வந்திருக்கலாமே’ என்று அம்மா இன்றும் என்னைக் கேட்கிறார். அவன் வழக்கமாக உட்கார்ந்த மேசையில் சீட்டுக் கடதாசி போட்டவர் வேலையை விட்டுவிட்டுப் பலாபத்வலையில் இருக்கிறார் என்று அண்ணனின் நண்பர் ஒருவர் சொன்னார். போனில் பேசினேன். அந்த விளையாட்டைக் காட்டித் தர முடியுமா என்று கேட்டேன். “வாங்க மிஸ்” என்றார்.

சந்தியில் ஓட்டோ இருநூறு ரூபாய் கேட்டது.

“ரிஸ்வான் நானா வீடா? சாதிக்காய் விக்கவா வந்தீங்க?” என்றார் ஓட்டோக்காரர்.

“இல்லை. சும்மா பார்க்க.”

ரிஸ்வானுக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டு முன்னறையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிறார். சாக்குகளை ஒதுக்கி ஒரு சிறிய மேசை போட்டிருந்தார். அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். மேசையில் கடதாசிக் கட்டைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“அந்தக் கசினோ மேசையில இருந்தவரு ஒங்கட நானாவா?” என்று கேட்டார்.

“ஓம், என்ர அண்ணா.”

அவர் கதவருகே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரிஸ்வான் எனக்கு ஒரு குவியல் சாதிக்காய் தந்தார். அதுதான் பந்தயம். “ஆளுக்கு ரெண்டு கடதாசி. நம்பரைக் கூட்டி, என்னைவிட இருபத்தொண்ணுக்குக் கிட்டப் போகணும். தாண்டக் கூடாது. படம் போட்டதெல்லாம் பத்து. ஆஸ் ஒண்ணாவும் வரும், பதினொண்ணாவும் வரும். என் கடதாசியில ஒண்ணைத்தான் நீங்க பார்க்கலாம். இன்னொண்ணு வேணும்னா மேசையைத் தட்டுங்க. வேணாம்னா கையை வீசுங்க.”

“இதில கசினோ எப்பிடி வெல்லுது?”

“முதல்ல ஆடுறது நீங்க. நீங்க தாண்டினா அப்பவே எடுத்துடுவேன். பிறகு நான் தாண்டினாலும் திருப்பித் தர மாட்டேன்.” அவர் என் முன்னாலிருந்த சாதிக்காயை விரலால் இழுத்துக்கொண்டார். “அவ்வளவுதான் மிஸ்.”

“அண்ணாவை நிப்பாட்டச் சொல்லி ஒருக்காவது சொன்னனீங்களோ?”

கடதாசி கலைத்த கை நின்றது. “மேசையில சொல்ல ஏலாது. மேல கெமரா. முகத்திலயும் ஒண்ணும் காட்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிஞ்சு ரோட்டுல வச்சு, ‘இனி வராதீங்க சேர்’னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டே என் தோளைத் தட்டினாரு. அடுத்த நாள் வேற மேசையில இருந்தாரு.”

நான் அழவில்லை. போடுங்கள் என்றேன்.

எனக்குப் பத்தும் ஆறும் வந்தன. அவர் காட்டிய கடதாசி ராசா.

“இதுதான் ஆகக் கெட்ட இடம்,” என்றார். “எடுத்தாலும் போகும், எடுக்காட்டியும் போகும்.”

தட்டினேன். ஐந்து வந்தது. இருபத்தொன்று! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு அப்படி நான் சிரித்ததில்லை. ரிஸ்வான் சிரிக்கவில்லை. சாதிக்காய்களை என் பக்கம் தள்ளினார்.

“இன்னொண்டு போடுங்கோ,” என்றேன்.

தோற்றேன். வென்றேன். மறுபடி தோற்றேன். குவியல் கரைந்ததும் சாக்கிலிருந்து நானே ஒரு கை அள்ளினேன். ரிஸ்வான் இரண்டு முறை கட்டை மூடி வைத்தார். இரண்டு முறையும் நான் மேசையைத் தட்டினேன்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது அவருடைய மனைவி எழுந்து வந்தார். என் கையிலிருந்த கடதாசிகளை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“போதும் மிஸ். தேத்தண்ணி ஆறிப் போச்சு. நீங்க வாயிலயே வைக்கல்லியே.”

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை. கண்டி வீட்டில் உலையில் அரிசி போடும்போதும் அண்ணன் நினைவில் வந்து நிற்பான். அலுவலகத்தில் பேனையை எடுத்தாலும் அவன்தான். இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு மணி நேரம்கூட அவன் என்னை விட்டது கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது உறைத்தது. முதலாவது இருபத்தொன்றுக்குப் பிறகு பாங்கு சொல்லும்வரை அவனை நான் நினைக்கவேயில்லை.

மாத்தளை நிலையத்தில் பஸ் நின்றிருந்தபோது அம்மா போன் எடுத்தார்.

“என்னவாம் பிள்ளை?”

“அம்மா, விளையாடிப் பார்த்தனான். அந்த மேசையில இருக்கேக்க எனக்கு உங்கட ஞாபகமும் வரேல்லை. அண்ணாவின்ர ஞாபகமும் வரேல்லை.”

கொண்டக்டர் கண்டி, கண்டி என்று கூவிக்கொண்டிருந்தார்.

“அப்ப அவனுக்கும் எங்கட ஞாபகம் வந்திராது,” என்றார் அம்மா.